மாமாவின் படகுக்கு மின்சாரம்

வானொலி அலையால் இயங்கிய முதல் படகு மின்கலத்தில்தான் ஓடியது. 1898-ஆம் ஆண்டு நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், தண்ணீர்த் தொட்டி ஒன்றில் நிக்கோலா டெஸ்லா அதை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் இயந்திரம் இந்த விளையாட்டுக்குள் பின்னால் வந்து சேர்ந்ததுதான். இதைச் சொன்னபோது மாமா சிரித்தார். "பேட்டரியில ஓடுறதெல்லாம் சின்னப் பிள்ளைங்க சாமான்டா."

மாமா பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒர்க்‌ஷாப் வேலை பார்த்தவர். புல் வெட்டும் மெஷினைக் கழற்றாமலே, சத்தத்தைக் கேட்டுக் கோளாறு சொல்லிவிடுவார். அவருடைய படகில் இருந்ததும் அதே குடும்பத்து 26 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். காற்றுக்குப் பதில் தண்ணீர் குளிர்விக்கும், அவ்வளவே வேறுபாடு. இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து, ஞாயிறு மாலையில் தோட்டத்துக் குட்டையில் ஓட்டுவார். பிறகு தோட்டத்தின் ஒரு பகுதி தாமான் ஆயிற்று. குட்டையைச் சுற்றி வீடுகள் வந்தன, கைக்குழந்தைகள் வந்தன, புகார்களும் வந்தன. படகு இரண்டு ஆண்டுகள் கொட்டகையில் தொங்கியது. எஞ்சினை மாற்றாவிட்டால் அதற்குத் தண்ணீர் இல்லை.

சுற்றுச்சூழலுக்காக மாற்றினோம் என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் உற்பத்தியாகிறது. சத்தம்தான் காரணம்.

எஞ்சினைக் கழற்றுமுன் படகைக் கயிற்றில் தொங்கவிட்டு, எந்த இடத்தில் சமநிலையில் நிற்கிறது என்று பார்த்துப் பேனாவால் கோடு போட்டோம். பின் முனையிலிருந்து ஏறக்குறைய முப்பது விழுக்காட்டுத் தூரத்தில் இருந்தது. மின்கலங்களை முன்னும் பின்னும் நகர்த்தி, அதே கோட்டில் மீண்டும் நிற்க வைக்க வேண்டும். மூக்குக் கனத்தால் படகு தண்ணீரில் புதையும். வால் கனத்தால் வேகமெடுக்கும்போது பின்பக்கமாகப் புரளும்.

அடுத்தது கணக்கு. ஒரு குதிரைத்திறன் 746 வாட். இரண்டு குதிரைத்திறன் வேண்டுமானால் ஏறத்தாழ 1,500 வாட். ஆறு லித்தியம் பாலிமர் கலங்களை வரிசையாக இணைத்தால் 22.2 வோல்ட். வகுத்தால் 67 ஆம்பியர், அதுவும் இழப்பைச் சேர்க்காமல். ஆகவே 120 ஆம்பியர் தாங்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கினோம். (மாமாவுக்கு அது கடைசி வரை "அந்தப் பெட்டி".) மோட்டார், ஒரு வோல்ட்டுக்கு 800 சுற்று சுற்றும் பிரஷ் இல்லாத வகை. எஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாயையே மோட்டாருக்கும் அந்தப் பெட்டிக்கும் திருப்பிவிட்டோம்.

மோட்டாரைப் பொருத்தும் அலுமினியத் தகட்டை மாமாவே அறுத்து ராவினார். முதல் முறை சுழலவிட்டபோது எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "தண்டு இழுக்குது." அளந்து பார்த்தோம். மோட்டாரும் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. அரை மில்லிமீட்டர் விலகல். எஞ்சின் போனால் தன் காதுக்கு வேலை இருக்காது என்று அவர் நினைத்திருந்தார் போலும். அன்றைக்குப் பிறகு "சின்னப் பிள்ளை சாமான்" என்ற பேச்சு வரவில்லை.

மின்கலத்துக்குப் பெட்ரோலைவிட அதிக பயபக்தி தேவை. ஒரு கலம் மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. வீங்கிய கலத்தை மீண்டும் மின்னேற்றக்கூடாது. அத்தை வீட்டுக்குள் விடாததால் சிமெண்டுத் தரையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் மின்னேற்றுகிறோம்.

முழு வேகத்தில் ஓட்டினால் எட்டு நிமிடம்தான். "இதுக்கா இவ்வளவு காசு?" என்றார் மாமா. நியாயமான கேள்வி. 2017-இல் கேரளாவின் வைக்கத்தில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' சூரிய சக்திப் படகு, 75 பயணிகளோடு மெதுவாகத்தான் போகிறது. வேகம் கூடக்கூடத் தண்ணீரின் எதிர்ப்பு அதைவிட விரைவாகக் கூடும். பாதி விசையில் ஓட்டிப் பார்த்தோம். இருபது நிமிடத்துக்கு மேல் தாங்கியது. தாமான் பிள்ளைகள் கரையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு மலாய்ச் சிறுவன் கேட்டதும் மாமா கட்டுப்பாட்டுக் கருவியையே அவன் கையில் கொடுத்துவிட்டார். பெட்ரோல் காலத்தில் என்னிடம்கூட அதைக் கொடுத்ததில்லை.

இப்போது 48 மில்லிமீட்டர் விசிறி போட்டிருக்கிறோம். 52 போடலாம் என்கிறார் மாமா. ஓடி முடித்த மோட்டாரின் வெப்பத்தை அளந்து காட்டி நான் வேண்டாம் என்கிறேன்.