மாரு ஓபிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஓபியே,

கிமோனோவை இறுக்கிப் பிடித்த, மாரு வகை இடுப்புக் கச்சை நீ. இன்று என் வீட்டுச் சுவரில் தொங்குகிறாய். கியோத்தோவின் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் தேதி கூடும் சந்தையில், மடித்து அடுக்கிய பழம்பட்டுகளுக்கு நடுவே கிடந்தாய். திருமணம், பட்டமளிப்பு என்று நாள் பார்த்துத்தான் இப்போது பலர் கிமோனோ உடுத்துகிறார்கள். அதனால்தான் என் கைக்கு எட்டிய விலைக்கு நீ வந்தாய். அந்த மலிவில் உன்னை நெய்த ஊருக்கு மகிழ்ச்சி இராது என்பதும் தெரியும்.

ஓபியே, நீ மறைத்து வைத்திருந்ததற்கெல்லாம் நன்றி. 4 மீட்டருக்கு மேல் நீளம் உனக்கு. அதில் ஊரார் கண்ணில் பட்டது முதுகில் நின்ற முடிச்சும், முன்பக்கம் தெரிந்த ஒரு பட்டையும்தான். மீதியெல்லாம் சுற்றுக்குள் சுற்றாய்ப் போய்விட்டது. பின்னாளில் வந்த ஃபுகுரோ வகை ஓபிகள் பலவற்றில், மறையும் இடத்துக்குப் பூவேலை எதற்கு என்று வெறுமையாகவே விட்டுவிடுவார்கள். உன்னை நெய்தவர்கள் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. உள்சுற்றில் அடங்கிக் கிடந்த கொக்குக்கும் சிறகு முழுசாக விரிந்திருக்கிறது. பைன் மரத்தில் ஓர் ஊசியிலையும் குறையவில்லை. அந்தக் கொக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் பேறு எனக்கு வாய்த்தது.

ஓபியே, உன் தையலுக்கும் கடன்பட்டிருக்கிறேன். அகலமாக நெய்த துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, நடுவே விறைப்புக்கு ஒரு துணி வைத்து, கையால் தைத்திருந்தார்கள். பொறுமையாகப் பிரித்தேன். 30 சென்டிமீட்டர் சொச்சம் இருந்த நீ இரு மடங்காக விரிந்தாய். கத்தரிக்கு வேலையே இல்லை. உன் இனத்தாரை வெட்டி மேசை விரிப்பாகவும் தலையணை உறையாகவும் ஆக்குகிறார்கள். கறைபட்ட துணி என்றால் சரி. நல்லதை வெட்ட எப்படித்தான் மனம் வருகிறதோ!

ஓபியே, உன் தங்கம் எனக்குப் பக்குவம் சொல்லிக்கொடுத்தது. வாஷி என்னும் ஜப்பானியக் காகிதத்தில் அரக்குப் பூசி, தங்கத் தகடு ஒட்டி, மெல்லிய இழைகளாக நறுக்கி, அவற்றையே ஊடாகக் கொடுத்து நெய்த துணி நீ. காகிதம் உள்ள உடம்பில் நீராவியும் இஸ்திரிப் பெட்டியும் படலாமா? பசையும் ஆகாது. பின்னால் பருத்தித் துணி கொடுத்து நெருக்கமாகத் தைத்து, மேல்விளிம்பில் மூங்கில் கழி நுழைய ஓர் உறை வைத்தேன். உன் எடை தையலெங்கும் பரவி நிற்கிறது. முடிச்சு விழுந்த இடத்தில் தங்கம் சற்றுத் தேய்ந்திருக்கிறது. அதை மறைக்கவில்லை. உன்னைக் கட்டியவர் யாரோ, அவருக்கும் இந்தச் சுவரில் பங்கு உண்டல்லவா?

ஓபியே, உன் வழியாக இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். தலைநகர் தோக்கியோவுக்குப் போனபின் கியோத்தோவின் நெசவுப் பகுதியான நிஷிஜினில் தறிகள் தளர்ந்திருந்தன. 1872இல் அங்கிருந்து மூன்று பேர், பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறியைக் கற்றுவர பிரான்சின் லியோன் நகருக்குப் போனார்கள். அவர்களில் யோஷிதா சூஷிச்சி ஊர் திரும்பவில்லை. 1874இல் ஈஸு தீபகற்பத்துக்கு அருகே கப்பல் மூழ்கி இறந்தார். உன் கொக்குகள் ஒரே அச்சாய் வரிசையில் பறப்பதைப் பார்க்கும்போது அவரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

ஓபியே, கடைசியாக ஒரு தகவல். பட்டுக்கு வெயில் ஆகாது என்பதால் சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்தேன். ஆனாலும் எந்நேரமும் நீ வெளிச்சத்தில் நிற்க வேண்டாம். ஜப்பானிய வீடுகளில் தோகோனோமா மாடத்துச் சுருளோவியத்தைப் பருவத்துக்கு ஒன்றாக மாற்றுவது வழக்கம். அதையே நானும் பிடித்துக்கொண்டேன். வெயில் ஏறும் முன் உன்னை இறக்கி, மடிக்காமல், உருளையில் சுற்றி வைப்பேன். உன் இடத்துக்கு அலை வேலைப்பாடு போட்ட ஒரு நகோயா ஓபி வருகிறது. அது உன்னளவு அகலமில்லை, தங்கமும் குறைவு. பொறாமைப்படாதே.

என்றும் நன்றியுடன்,
உன்னைப் பிரித்தும் வெட்டாதவள்