சாமைக் கொல்லை வரப்பு

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் மியூக்கர் என்றொரு சிற்றூர். ஊரைச் சுற்றிலும், குளிர்காலத்தில் மாட்டுக்குப் போடக் காய்ந்த புல் சேர்ப்பதற்கென்றே விட்டுவைத்த புல்வெளிகள். ஜூன் மாதத்தில் அவை முழுக்கப் பூத்துக் கிடக்கும். பூவை மிதிக்காமல் ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் புல்லுக்குள் மஞ்சளாகப் பூக்கும் ஒரு செடி உண்டு. அதன் வேர் பக்கத்துப் புல்லின் வேரைப் பற்றிக்கொண்டு உறிஞ்சும். புல் ஓங்காமல் அடங்கி நிற்பதால் மற்றப் பூச்செடிகளுக்கு இடமும் வெயிலும் கிடைக்கின்றன. விதை முற்றினால் காய் கிலுகிலுவென்று ஒலிக்கும். புல்லறுக்க நாள் வந்துவிட்டது என்று பழைய விவசாயிகள் அதை வைத்துத்தான் கணக்குப் போட்டார்களாம்.

அந்த ஒலி காதில் விழுந்தால் நான் யார்க்ஷயரில் இருப்பதில்லை. ஜவ்வாது மலையில் இருக்கிறேன்.

அப்பா ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியர். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே சாமைக் கொல்லைகள். மழைக்கு விதைத்த சாமை அறுப்புக்கு நிற்கும் நாட்களில் வரப்பெங்கும் கிலுகிலுப்பைச் செடி காய்த்து உலர்ந்திருக்கும். பாவாடை பட்டாலே ஒலிக்கும். வாடிய அந்தத் தண்டுகளில் நீல வரியன் பட்டாம்பூச்சிகள், கையை நீட்டினாலும் பறக்காமல் மொய்த்துக் கிடக்கும். பூவே இல்லாத குச்சியில் அதற்கு என்ன கிடைக்கிறது என்று எதிர்வீட்டு ஆயாவிடம் கேட்டேன். “அதுங்களுக்கு அது மருந்து கண்ணு, தொந்தரவு பண்ணாத” என்றார். ஆயா சொன்னது பெரிய உண்மை. அந்தச் செடியில் உள்ள நச்சை ஆண் பூச்சிகள் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. பெண் பூச்சியை அழைக்கும் மணத்தை அதிலிருந்துதான் செய்கின்றன. பறவைகள் அவற்றைத் தின்னாமல் ஒதுக்குவதற்கும் அதே நச்சுதான் காவல்.

வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன் ஒருநாள் அவை கிளம்பிவிடும். நீல வரியனோடு வெண்புள்ளிக் கருப்பனும் சேர்ந்துகொள்ளும். பள்ளி விட்டு வரும்போது தலைக்கு மேலே, எல்லாம் ஒரே திசையில், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கு அவை வலசை போவதையும், கோடையில் தென்மேற்குப் பருவமழைக்கு முன் திரும்பி வருவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேலியில் ஏறிய கண்வலிப்பூவும் அந்தப் பருவத்தில்தான் எரியும். இலை நுனியே சுருண்டு பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொள்ளும் அழகை நின்று பார்க்கலாம். கிழங்கில் விஷம் இருப்பதால் தொட விடமாட்டார்கள். பாடப் புத்தகத்தில் செங்காந்தள் என்று படித்தபோது, அது எங்கள் வேலிப் பூ என்று வகுப்பே கூவியது.

இங்கே யார்க்ஷயரில் சிவப்பு அணிலைப் பார்க்க ஹாஸ் ஊருக்கு அப்பால் உள்ள ஊசியிலைக் காட்டுக்குப் போக வேண்டும். 1876-ல் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சாம்பல் அணில் பெருகி, நாட்டு அணிலை மூலைக்குத் தள்ளிவிட்டது. சாம்பல் அணில் சுமக்கும் ஒருவகை அம்மை அதை ஒன்றும் செய்வதில்லை. சிவப்பு அணிலைக் கொன்றுவிடும். கூம்புக் காயை உருட்டி உருட்டிக் கடிக்கும் சிவப்பு அணிலைப் பார்க்கப் பார்க்க, உடம்பைவிட வால் நீண்ட நம் மலை அணில் கண்ணில் நிற்கிறது. அது பெரும்பாலும் தரையிறங்காது. கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் அதற்கு ஊர். திருவண்ணாமலை வனக்கோட்டத்தில் அதன் இனத்தைச் சேர்ந்த நரை அணில் இருப்பது 2014-ல் ஆய்விதழில் வெளியானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-லேயே சரணாலயம் பெற்ற அந்த அணில், எங்கள் மாவட்டத்துக் காட்டிலும் இருக்கிறது என்று படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உடனே அப்பாவை அழைத்துச் சொன்னேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களில் இருந்த பூப்புல்வெளிகளில் 97 விழுக்காடு இன்று இல்லை. காட்டுத்தீயோ வறட்சியோ அவற்றை அழிக்கவில்லை. உரம் போட்டார்கள், உழுதார்கள், பூ விதையாகும் முன்பே புல்லை அறுத்தார்கள். முறை மாறியதும் பூ போய்விட்டது. எஞ்சியவை, விதை உதிரும் வரை அரிவாளை நிறுத்திவைத்த விவசாயிகளால் எஞ்சியவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் ஏக்கத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. எனக்குக் காடும் வேண்டும்தான். ஆனால் உயிர் போவது அந்த வரப்புக்காக. சாமைக்கு உரமும் களைக்கொல்லியும் தெளிக்காத மலைக்காரர்களின் கை வரப்பையும் விட்டுவைத்தது. அதனால்தான் கிலுகிலுப்பை இருந்தது, நீல வரியன் வந்தது.

ஜவ்வாது மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் காவலூர் தொலைநோக்கியை எழுதுகிறார்கள், பீமன் அருவியை எழுதுகிறார்கள், சந்தன மரத்தை எழுதுகிறார்கள். எல்லாமே எழுத வேண்டியவைதான். வரப்பை எழுதியவரை நான் பார்த்ததில்லை. போன முறை ஊருக்குப் போனபோது, நான் நடந்து போன கொல்லைகள் சிலவற்றில் சாமை இல்லை. வரப்பு மண் சுத்தமாகச் செதுக்கப்பட்டிருந்தது. ஆயாவும் இல்லை.

மலைக்குப் போகிறவர்களே, அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மலைக்காரர்களிடமே சாமை வாங்குங்கள்; பேரம் பேசாதீர்கள். சாமை விலைபோனால் கொல்லை இருக்கும், கொல்லை இருந்தால் வரப்பும் இருக்கும். அங்கே கொல்லை வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: கிலுகிலுப்பையைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள், நீல வரியன் கிளம்பிப் போகும் வரையாவது விட்டுவையுங்கள்.