ஏரி ஒன்று, கணக்கு இரண்டு

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் மீனவ ஊர் பசியாவரம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "சார், தடைக்காலத்துக்கு அங்கே 20,000 ரூபாய், நமக்கு 8,000. அந்தப் பக்கமே பொறந்திருக்கலாமோ?"

நியாயமான கேள்விதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இரு மாநிலத்துக்கும் ஒன்றே. 2025இல் ஆந்திரா தன் உதவித்தொகையை 10,000இலிருந்து இரட்டிப்பாக்கியது. 12,000 ரூபாய் வித்தியாசம் சிறிதல்ல.

மற்ற செலவையும் பேசினோம். பெட்ரோல், டீசலுக்கு ஆந்திராவில் மாநில வரி அதிகம். படகு டீசலுக்கு மானியம் உண்டு. மீன் ஏற்றும் வண்டிக்கும் உழவு டிராக்டருக்கும் முழு விலைதான். இங்கே வீட்டு மின்சாரத்தில் ஒரு பகுதி இலவசம்.

எந்த அரசின் கணக்கிலும் வராதது தண்ணீரைக் கடக்கும் செலவு. அரிசி மூட்டையும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் படகில்தான் கரையேறிய ஊர் இது.

எல்லை தாண்டிக் குத்தகை நிலம் தேடும் விவசாயிகளே, உதவித்தொகையை மட்டும் பார்க்காதீர்கள். டீசல், மின்சாரம், போக்குவரத்து மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.