பிளாக்ஸ்பர்க் கோடைக் குறிப்புகள்

வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கே, அப்பலாச்சிய மலைகளுக்கு இடையில், சுமார் 2,000 அடி உயரத்தில் இருக்கிறது பிளாக்ஸ்பர்க். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தை எடுத்துவிட்டால் ஊரில் மிச்சம் அதிகமிருக்காது. கல்லூரிப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்குப் போனதும், பத்தாவது பதினோராவது முடித்தவர்கள் விடுதிக்கு வந்து சேர்கிறார்கள். வேளாண்மைக்கான ஆளுநர் பள்ளி என்று பெயர். ஆளுநர் வந்து பாடம் எடுப்பதில்லை. படிக்கும் பள்ளி பரிந்துரைக்க வேண்டும், பிறகு மாநில அளவில் சலித்து எடுப்பார்கள். கல்விச் செலவை மாநில அரசும் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகமும் ஏற்கின்றன.

*

இந்த வகைப் பள்ளிக்கு மூலம் வட கரோலினா. 1963இல் ஆளுநர் டெர்ரி சான்ஃபோர்டின் முயற்சியில் வின்ஸ்டன்-சேலத்தில் தொடங்கியது. பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது. அப்படியும் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். வர்ஜீனியாவில் 1973இல் ஆளுநர் லின்வுட் ஹோல்டன் தொடங்கிவைத்தார். கலைக்கும் அறிவியலுக்கும் முதலில் இடம் கிடைத்தது. வேளாண்மையின் முறை வர 2000ஐத் தாண்ட வேண்டியிருந்தது. 1612 வாக்கில் ஜான் ரோல்ஃப் பயிரிட்ட புகையிலையால் பிழைத்து எழுந்த மாநிலம் இது. வர்ஜீனியா டெக்கே 1872இல் வேளாண்மை, இயந்திரக் கல்லூரியாகத்தான் பிறந்தது. அங்கேயே உழவுக்கு இந்தக் கதி.

*

இத்தகைய கோடைப் பள்ளிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது மாட்டின் வயிற்றுக்குள் கைவிட்ட கதைதான். பல அமெரிக்க வேளாண் கல்லூரிகளில் விலாவில் வட்டமாகத் துளையிட்டு, ரப்பர் வளையம் பொருத்தி, மூடி போட்ட மாடுகள் உண்டு. மூடியைக் கழற்றி, தோள்வரை நீளும் பிளாஸ்டிக் கையுறையோடு கையை உள்ளே விடலாம். மாட்டின் வயிற்றிலுள்ள நான்கு அறைகளில் பெரியது, கை நுழையும் இந்த முதல் அறை. வளர்ந்த பசுவுக்கு 150 லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே சுமார் 39 டிகிரி சூடு. மேலே மிதக்கும் புல் பாய், கீழே கஞ்சித் தண்ணீர் பதத்தில் திரவம். சுவர் சுருங்கி விரிவதைக் கை உணரும்.

புல்லின் நார்ச்சத்தைச் செரிக்கும் நொதி மாட்டிடம் கிடையாது. பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை என்று உள்ளே குடியிருக்கும் கூட்டம் புல்லை நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. மாட்டின் ஆற்றலில் பெரும்பங்கு அதிலிருந்துதான். கூடவே மீத்தேனும் உண்டாகிறது. அது பின்பக்கமாகப் போகிறது என்று உலகமே நினைத்துச் சிரிக்கிறது; பெரும்பகுதி வெளியேறுவது ஏப்பத்தில். பருவநிலைப் பேச்சு, தீவனக் கலவை, நுண்ணுயிரியல் மூன்றும் ஒரே துளை வழியாக உள்ளே வந்துவிடுகின்றன. இன்னொரு பயனும் இருக்கிறது. தீனி எடுக்காமல் கிடக்கும் நோய்மாட்டுக்கு, துளையுள்ள நல்ல மாட்டின் வயிற்றுத் திரவத்தை எடுத்து ஊட்டுவார்கள். இழந்த நுண்ணுயிர்கள் திரும்பும்.

மாட்டை இப்படித் துளைத்து வைக்கலாமா என்று கேட்கும் பிள்ளையும் இருக்கும். அந்தக் கேள்விக்கும் நேரம் ஒதுக்கினால்தான் அது பள்ளி.

*

மண். ஆளுயரக் குழி தோண்டி, அதன் சுவரைக் கத்தியால் சீவி, அடுக்கடுக்காகப் பார்ப்பது. ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நசுக்கி நாடாபோல் நீட்ட வேண்டும். இரண்டங்குலம் தாண்டியும் அறுபடாமல் வந்தால் களி மிகுதி. நீளவே மறுத்து உதிர்ந்தால் மணல். நிறத்துக்கு மன்செல் புத்தகம்: வண்ணச் சில்லுகள் ஒட்டிய பக்கங்களில் மண்கட்டியை வைத்துப் பொருத்திப் பார்த்து எண் குறிப்பார்கள். சிவப்பு என்றால் இரும்பு ஆக்சைடு, வடிகால் நன்றாயிருக்கிறது. சாம்பல் என்றால் நீர் தேங்கிய இடம். எங்கள் பக்கத்துக் கிழவர்கள் எண் இல்லாமலே செய்கிற வேலை. ஆனால் எண் இருந்தால், குழியைப் பார்க்காத ஒருவருக்கும் அந்த மண்ணைச் சொல்லிவிட முடியும்.

*

உணவு அறிவியல் பிரிவில் சுவை பார்க்கும் அறைக்குச் சிவப்பு விளக்கு போடுவது வழக்கம். நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாறக்கூடாதாம்.

*

பிள்ளைகளுக்கு உழவு கற்பிப்பதில் பிளாக்ஸ்பர்க்குக்குப் பழைய உரிமை உண்டு. 1920களில் இங்கிருந்த வேளாண் கல்வி ஆசிரியர்கள், ஹென்றி குரோஸ்குளோஸ் முதலியோர், பண்ணைப் பையன்களின் தாழ்வு மனப்பான்மையைப் போக்க வர்ஜீனியாவின் வருங்கால விவசாயிகள் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் 1928இல் கன்சாஸ் நகரில் நாடு தழுவிய சங்கம் பிறந்தது. நீலக் கார்டுராய் மேல்சட்டைதான் அதன் அடையாளம்.

அந்தச் சட்டை எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளியே தனி என்பதால், 1927இல் அதே வர்ஜீனியாவில் அவர்களுக்கென்று இன்னொரு சங்கம். 1935இல் அது புதிய விவசாயிகள் என்ற பெயரில் தேசியச் சங்கமானது. 1965இல் இரண்டையும் இணைத்தார்கள். இணைப்பு என்று எழுதுகிறார்கள். கறுப்பினச் சங்கத்தின் பெயரும் சின்னமும் சட்டையும் போயின, மற்றதன் பெயர் நின்றது. பெண்களைச் சேர்த்ததோ 1969இல். ஆளுநர் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தையும் அதே ஊரில் வைத்தே நடத்தலாம்.

*

யார் வருகிறார்கள் என்பதைப் போலவே யாரால் வர முடியாது என்பதும் கேட்க வேண்டியது. செசபீக் விரிகுடாவுக்கு அப்பால், வர்ஜீனியாவின் கிழக்குக் கரையில், கோடை என்றால் தக்காளி அறுவடை. புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்கள் வயலோடு வயலாக நகர்ந்துகொண்டே இருக்கும். 1938ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் பண்ணை வேலைக்கு மட்டும் தனி விதி வைத்திருக்கிறது: பள்ளி நேரம் போக, பெற்றோர் சம்மதித்தால், 12 வயதுப் பிள்ளையும் வயலில் கூலி வேலை செய்யலாம். ஒரு பிள்ளைக்குத் தக்காளியின் நோயியல், அதே வயதில் இன்னொன்றுக்குத் தக்காளிக் கூடை. இரண்டாவது பிள்ளையை எந்தப் பள்ளி பரிந்துரைக்கும்? அது எந்தப் பள்ளியில் நிலையாக இருக்கிறது?

*

பென்சில்வேனியாவிலும் வேளாண்மைக்கான ஆளுநர் பள்ளி ஒன்று, பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2009இல் பொருளாதாரச் சரிவில் மாநிலம் ஆளுநர் பள்ளிகளுக்கான பணத்தையே நிறுத்திவிட்டது. 

*

அயோவாவின் வழி வேறு. நார்மன் போர்லாக் ஏற்படுத்திய உலக உணவுப் பரிசு அமைப்பு, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாட்டின் உணவுச் சிக்கலைப் பற்றிக் கட்டுரை எழுதவைத்து, ஆசிரியரோடு டெமோய்ன் நகருக்கு அழைக்கிறது. அவர்களில் சிலரை 1998 முதல் எட்டு வாரப் பயிற்சிக்காக வெளிநாட்டு ஆய்வு நிலையங்களுக்கு அனுப்புகிறது. பிலிப்பைன்ஸ் நெல் நிலையம், ஹைதராபாத் இக்ரிசாட், கூடவே சென்னை தரமணியின் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கின்றன. 1987இல் முதல் உலக உணவுப் பரிசு பெற்ற சுவாமிநாதன், அந்தப் பணத்தைப் போட்டு உண்டாக்கிய நிறுவனம் அது. மக்காச்சோளமும் சோயாவும் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சதுப்புநிலக் காடும் கொல்லிமலைச் சாமையும் ஆய்வுப் பொருள் என்று தெரியவருவது நல்லதுதான். பயிற்சிக் காலம் கோடையில் என்பதால் சென்னை ஜூன் வெயிலையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.