சத்தமில்லாத துப்பாக்கி

டெக்சாஸில் வேலை பார்க்கும் என் அக்கா பேரன் போன மாதம் போனில் ஒரு சந்தேகம் கேட்டான். "தாத்தா, இங்க பக்கத்து வீட்டுக்காரர் மான் வேட்டைக்குப் போறவர். துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்கியிருக்கார். இங்க அது சட்டப்படி சரியாம். நம்ம ஊர்ல வாங்க முடியுமா?" வருவாய்த் துறையில் இருந்தபோது சில வருடம் துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகளைப் பார்த்தவன் நான். அதனால்தான் என்னிடம் கேட்டான்.

நமக்கெல்லாம் தெரிந்த சைலன்சர் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் இருப்பது. துப்பாக்கி சைலன்சரும் அதற்குச் சொந்தக்காரன்தான். ஹைராம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர் 1909-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குழல் முனையில் ஒரு டப்பா, உள்ளே தடுப்புத் தட்டுகள். வெடித்த வாயு ஒரேயடியாக வெளியே பாயாமல், அறை அறையாக விரிந்து ஆறி வெளியேறும். சினிமாவில் காட்டுவது போல 'புஸ்' என்று மட்டும் கேட்காது. சுமார் 160 டெசிபல் சத்தம் 130-க்கு இறங்கும், அவ்வளவுதான். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் அதன் 'பளீர்' ஓசை அப்படியே இருக்கும். இந்த மாக்சிமின் அப்பாதான் மெஷின் கன் செய்த மாக்சிம். தன் துப்பாக்கிச் சத்தத்திலேயே காது போனவர் அவர். மகன் சத்தத்தைக் குறைக்கக் கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

அமெரிக்காவில் 1934-ல் சட்டம் போட்டு, ஒரு சைலன்சருக்கு 200 டாலர் வரி, அரசிடம் பதிவு என்று கட்டுப்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் 200 டாலர் பெரிய தொகை. இந்த 2026 ஜனவரி முதல் அந்த வரியைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள், பதிவு மட்டும் தொடர்கிறது. நார்வே, பின்லாந்து பக்கம் வேட்டைக்காரர்கள் இதைச் சர்வ சாதாரணமாக மாட்டிக்கொள்கிறார்கள். காதுக்கு நல்லது, அக்கம்பக்கத்தாருக்கும் தொந்தரவில்லை என்பது அவர்கள் கட்சி.

நம் நாட்டுக் கதை வேறு. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 2-ஆம் பிரிவைப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். துப்பாக்கி என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, வெடிக்கும் சத்தத்தையோ நெருப்பொளியையோ குறைக்கும் உபகரணமும் துப்பாக்கியே என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வெறும் டப்பாவை அலமாரியில் வைத்திருந்தாலே லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்த வழக்குதான். நான் பார்த்த கோப்புகளில் யாரும் சைலன்சர் கேட்டு மனுப் போட்டதில்லை. நம் பக்கத்துக் குடியானவனுக்கு வேண்டியதே அந்தச் சத்தம்தானே.

எங்கள் பெரியப்பா ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். பயிர்ப் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு லைசென்ஸ் உண்டு, படிவம் 4 என்போம். தாசில்தார் ரிப்போர்ட், போலீஸ் ரிப்போர்ட், பட்டா, அடங்கல் எல்லாம் சேர்த்து, 1993-ல் மாவட்டம் பிரிகிற வரை கோப்பு கடலூருக்குப் போகும். எலெக்ஷன் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அது மல்லாட்டை முற்றுகிற சமயமாக இருந்துவிட்டால் பெரியப்பா வாய்க்கு வந்தபடி கட்சிகளைத் திட்டுவார்.

கொல்லையில் பரண் கட்டி, அரிக்கேன் விளக்கைச் சாக்கால் மறைத்துவைத்து உட்காருவார். குழலில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கெட்டித்து, கேப்பு வைத்து, குதிரையை இழுத்துவிட்டால் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் எல்லாம் மூன்று தடவை திருப்பிச் சொல்லும். பெரும்பாலும் ரவையே போட மாட்டார். "சாகடிச்சா ஒண்ணு போவும்டா, சத்தம் போட்டா கூட்டமே போவும்" என்பார். அந்தச் சத்தத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. எந்தத் திசையில், எந்த நேரத்தில் வெடித்தது என்று ஊருக்கே தெரியும். நேரங்கெட்ட நேரத்தில் ஏரிப்பக்கம் வெடி கேட்டால், காலையில் டீக்கடையில் நாலு பேர் கேட்பார்கள், கிராம முன்சீப்பும் கேட்பார். திருட்டு வேட்டைக்கு அதைவிடப் பெரிய காவல் இல்லை.

ஆனால் அந்த நார்வேக்காரர் கட்சியையும் தள்ளிவிட முடியாது. வலது தோளில் கட்டையை வைத்துச் சுடுபவனுக்கு இடது காதுதான் குழல்முனைப் பக்கம். பெரியப்பாவுக்குக் கடைசிப் பத்து வருடம் இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை. பெரியம்மா வலது பக்கம் வந்து நின்றுதான் சாப்பிடக் கூப்பிடுவார். பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொள்ளச் சொல்லக்கூட அந்த நாளில் ஆளில்லை.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டை அறவே இல்லை. அது சரியான சட்டம் என்பதே என் எண்ணம். அதில் நரிக்குறவர்கள் பிழைப்பு போனதையும், அதற்கு ஈடாக அவர்களுக்கு ஒன்றும் உடனே கிடைக்காததையும் மறக்கக் கூடாது. பன்றி மட்டும் பெருகிவிட்டது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறை கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3-க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். செஞ்சிப் பக்கம் எந்தக் கொல்லையில் நின்று பார்த்தாலும் ஒரு மலை தெரிகிறது. அதில் 3 கிலோமீட்டர் தாண்டிய கொல்லையை நான் எங்கே போய்த் தேட?

பரணில் உட்கார ஆளில்லாமல் போனபின், சிலர் இரவில் கம்பியில் கரண்ட் விடுகிறார்கள். எனக்கு அடிவயிற்றைக் கலக்குவது இதுதான். துப்பாக்கி வெடித்தால் தள்ளி நிற்கலாம், கம்பி ஒன்றும் சொல்லாது. தண்ணீர் பாய்ச்சப் போனவர், ஆட்டைத் தேடிப் போனவர், சில சமயம் கம்பி கட்டியவரே செத்த செய்தி வருடா வருடம் பேப்பரில் வருகிறது.

பெரியப்பா பேரனும் போன மாசியில் அப்படி ஒரு கம்பிச் சுருள் வாங்கி வந்து வைத்திருந்தான். அவன் அப்பாவை உட்கார வைத்து, ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவைக் காட்டினேன். பயிர்ப் பாதுகாப்புக்கு உண்மையான தேவை இருந்தால், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க அதில் இன்றும் வழி இருக்கிறது. பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது, வெறும் மருந்து போட்டுச் சத்தம் எழுப்பி விரட்டத்தான். "சத்தத்துக்கா சித்தப்பா இவ்ளோ கோர்ட்டு கச்சேரி?" என்றான். ஆமாம் என்றேன்.

மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். காதில் அடைக்கப் பஞ்சும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். கம்பிச் சுருள் இப்போது எங்கள் வீட்டு மாடியில், துணி காயப்போடும் கொடியாக இருக்கிறது. பேரனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.