சஃபாரிக்குப் புறப்படுமுன்

'சஃபாரி' என்ற சொல்லைக் கேட்டவுடன் துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரரும் உறுமும் சிங்கமும் நம் மனக்கண்முன் தோன்றுவது வழக்கம். ஆனால் கிழக்காப்பிரிக்க மக்களின் சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குப் 'பயணம்' என்பதே பொருள். பக்கத்து ஊரில் வாழும் மகளைக் காணப் புறப்படும் தாயும் அங்கே சஃபாரி செல்கிறவளே. கென்ய நாட்டில் வனவிலங்கு வேட்டை 1977-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. இன்று அங்குச் செல்வோர் கையில் இருப்பவை தொலைநோக்கியும் காமிராவுமே.

"குடும்பத்தோடு அங்குச் செல்ல ஆசை, எங்கிருந்து தொடங்குவது?" என்று அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நாங்கள் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். நைரோபியில் பணிபுரியும் என் தம்பியின் அழைப்பின்பேரில், எழுபது வயதைக் கடந்த தந்தையாருடன் நாங்கள் முதன்முறை சென்றபோது, ஏழு நாளில் ஐந்து இடங்கள் என்று ஏற்பாடு செய்தோம். தாளில் பார்க்க அது நிறைவாக இருந்தது. ஆனால் பகற்பொழுதில் பெரும்பகுதி வண்டியிலும் புழுதியிலுமே கழிந்தது. கடைசி இரவில் தந்தையார், "எத்தனை மிருகம் என்று எண்ணிக்கொண்டே வந்தோம், ஒன்றையாவது பார்த்தோமா?" என்றார். எங்களிடம் விடை இல்லை.

ஆகவே முதற்படி, இடங்களைக் குறைத்துக்கொள்வது. ஏழு நாளுக்கு இரண்டு அல்லது மூன்று இடங்கள் போதும். நைரோபியிலிருந்து அம்போசெலிக்குச் சாலைவழியே நான்கைந்து மணி நேரம். மாசாய் மாராவுக்கு ஐந்தாறு மணி நேரம். அம்போசெலியில் யானைக் கூட்டங்களுக்குப் பின்னே, எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் நிற்கும் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோ தோன்றும். அதிகாலையில் எழுந்தவருக்கே அந்தக் காட்சி பெரும்பாலும் கிட்டும். பிறகு மேகம் மூடிவிடும். இரண்டு இரவு தங்கினால்தான் ஒரு காலை தவறினாலும் மறு காலை உண்டு. வழியில் நைவாஷா ஏரிக்கரையில் ஒரு நாள் தங்கினால், முதியோருக்கும் சிறுவருக்கும் உடல் அலுப்புத் தீரும்.

அடுத்தது காலம். நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. கென்யாவில் அதுவே பெருமழைக் காலம். வாடகை மலிவாக இருக்கும். ஆனால் மண்பாதைகளில் வண்டி சிக்கும், உயர்ந்த புல்லில் விலங்குகள் மறையும். வில்டபீஸ்ட் எனப்படும், மாடுபோல் தோன்றும் மான்கள் பத்து இலட்சத்திற்கும் மேலாகத் தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியிலிருந்து மழையையும் புல்லையும் தேடிப் புறப்பட்டு, ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை மாராப் பகுதியில் மேயும். நம் காலாண்டு விடுமுறை இந்தக் காலத்திற்குள் வருவது நல்வாய்ப்பு. ஆயினும் அவை ஆற்றைக் கடக்கும் நாளை எவராலும் உறுதி கூற இயலாது. 'கட்டாயம் காட்டுவோம்' என்று வாக்களிப்பவரிடம் எச்சரிக்கையாய் இருங்கள்.

மூன்றாவது உடல்நலம். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படலாம். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இடப்படும் இவ்வூசியின் சான்றிதழ், பத்து நாள் கழிந்த பின்னரே செல்லுபடியாகும். அறுபது வயதைக் கடந்தவர்களும் கருவுற்ற தாய்மார்களும் மருத்துவரைக் கேளாமல் இதைப் போட்டுக்கொள்ளலாகாது. மலேரியாத் தடுப்பு மாத்திரைகளைப் பற்றியும் அவரிடமே கேட்டறிக. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று எண்ணிக் கம்பளிச் சட்டையை விட்டுச் செல்லாதீர்கள். மேட்டு நிலமாதலால் காலையில் குளிர் நடுக்கும். பிளாஸ்டிக் பைகளும் வேண்டாம். 2017 முதல் அங்கு அவை தடை செய்யப்பட்டுள்ளன.

பணம் கட்டுமுன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். சரணாலய நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா? அது ஆளுக்கு, நாளுக்கு என்று கணக்கிடப்படுவதால், குடும்பத்துக்குப் பெருந்தொகையாகிவிடும். வண்டி நமக்கு மட்டுமா, பிறருடனா? ஒவ்வொருவருக்கும் சன்னலோர இருக்கை உண்டா? தினமும் எத்தனை மணி நேரம் சாலையில்?

இன்னொன்றையும் மறத்தலாகாது. அந்நிலம் விலங்குகளுக்கு மட்டும் உரியதன்று. 1904, 1911 ஆண்டுகளின் ஒப்பந்தங்களால், ஆங்கிலேய ஆட்சி மாசாய் மக்களை அவர்தம் செழித்த மேய்ச்சல் நிலங்களிலிருந்து அகற்றியது. இன்று மாராவைச் சுற்றிலும் மாசாய்க் குடும்பங்கள் தம் நிலத்தை வனவிலங்குக் காப்பிடங்களுக்குக் குத்தகைக்கு விட்டு வருவாய் பெறுகின்றன. அத்தகைய இடங்களில் தங்கினால் நம் பணத்தில் ஒரு பங்கு மண்ணின் மக்களைச் சேரும். அவர்களைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். அவர்களும் காட்சிப் பொருள்கள் அல்லர்.

நாட்களை வகுக்கும்போது, ஒரு ஞாயிற்றை நைரோபிக்கு ஒதுக்குங்கள். அங்கே திருக்குடும்பப் பேராலயத்தில் திருப்பலி காணலாம். அதே நகரின் கங்கேமி என்னும் ஏழைக் குடியிருப்பிற்குத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் நேரில் சென்றார். நாம் மிருகங்களைக் காண வந்த நாட்டில் அவர் மனிதரைக் காணச் சென்றார் என்ற நினைவு நமக்கு நல்லது.

சில ஆண்டுகளுக்குப் பின் தந்தையார் விரும்ப, மருத்துவரும் இசைய, மறுபடியும் சென்றோம். இம்முறை இரண்டே இடங்கள். அம்போசெலிச் சதுப்பு நிலத்தருகே வண்டியை நிறுத்திய ஓட்டுநர், 'போலே போலே' என்றார். சுவாகிலியில் அதற்கு 'மெல்ல மெல்ல' என்று பொருள். ஒரு தாய் யானை சேற்றில் இறங்கத் தயங்கிய தன் கன்றுக்காகக் காத்து நின்றது. முக்கால் மணி நேரம் நாங்களும் காத்திருந்தோம். கன்று இறங்கியபின் தந்தையார் சிலுவை அடையாளம் வரைந்து, "போகலாம்" என்றார்.

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கவே மனிதனை இறைவன் அதில் வைத்தார் என்கிறது தொடக்க நூல். காக்க வேண்டியதை முதலில் நின்று பார்க்க வேண்டாமா? அதற்கான பொழுதைத் திட்டத்திலேயே எழுதிக்கொண்டு புறப்படுங்கள். உங்கள் சஃபாரி நலமாய் அமைக!