ஞாயிறு காலை அறுந்துபோகும் இணைப்பு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி என்பது ஏறத்தாழ ஒரு சடங்குக்குரிய நேரம். அப்பா குளித்து, வெளுத்த வேட்டி உடுத்தி, காதில் செவிக்கருவியைப் பொருத்திக்கொண்டு, தம் அறையில் கணினியின் முன் அமர்ந்துவிடுவார். நியூஜெர்ஸியில் மகள் வீட்டில் வசிக்கும் சித்தப்பாவுக்கு அது சனிக்கிழமை இரவு. 84 வயது அண்ணனும் 79 வயதுத் தம்பியும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் ஒரு மணி நேரம் அது. கைபேசித் திரையில் தம்பியின் முகம் அப்பாவின் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. ஆகவே பழைய மேசைக் கணினியும் அதன் அகன்ற திரையுமே அவருக்கு வேண்டும். (அப்பா என்று இங்கே எழுதினாலும் எங்கள் இருவரில் ஒருவருக்கு அவர் மாமனார். வீட்டில் இருவருமே அப்பா என்றுதான் அழைக்கிறோம்.)

சகோதரர்கள் இருவரும் இடையில் 11 ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்கள். 1994-இல் நடந்த பாகப்பிரிவினையில், கும்பகோணத்தில் நாங்கள் இன்று குடியிருக்கும் இந்த வீடு அப்பாவின் பங்குக்கு வந்தது; ஆற்றோரத்து நிலம் சித்தப்பாவின் பங்குக்குப் போனது. அதில் யாருக்கு என்ன குறை என்பதை இருவருமே எங்களிடம் சொன்னதில்லை. 2005-இல் அத்தை காலமானபோது காரியத்துக்கு வந்த சித்தப்பா, தாழ்வாரத்தில் அப்பாவின் அருகில் வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து பேச்சு. ஆனால் பாகப்பிரிவினை என்ற சொல் மட்டும் அந்தப் பேச்சுக்குள் நுழைந்ததே இல்லை.

இந்தப் பின்னணியில்தான் கடந்த ஆண்டு ஐப்பசி மாதத்தில் இணைப்பு அறுந்துபோகத் தொடங்கியது. தொடக்கத்தில் சாப்பாடு, மாத்திரை, மழை, பேரப்பிள்ளைகள் என்று உரையாடல் தெளிவாகவே நடக்கும். அப்பா மெல்லப் பழைய நாட்களுக்குத் திரும்புவார்: தாத்தாவின் மாட்டுவண்டி, காவிரியில் புது வெள்ளம், ஒரே வேட்டியை இருவரும் மாற்றி உடுத்திப் பள்ளிக்குப் போன காலம். சற்று நேரத்தில் சித்தப்பாவின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறும். குரல் தகரத்தில் உரசியது போலாகும். பிறகு திரை உறைந்துவிடும்.

மூன்றாவது வாரமும் அவ்வாறே நிகழ்ந்தபோது அப்பா செவிக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“வச்சுட்டான்” என்றார்.

“அவர் வைக்கலைப்பா. லைன் கட்டாயிடுச்சு.”

“பழசை எடுத்தாலே வச்சுடறான். எனக்குத் தெரியாதா அவனை?”

வைஃபை பழுதாகிப் படம் பார்க்க முடியாமல் போனால் எரிச்சல் வரும், நாளடைவில் மறந்துவிடும். இது அப்படியன்று என்பது அந்தக் கணத்தில் எங்களுக்குப் புரிந்தது. 11 ஆண்டு மௌனத்தைக் கடந்து வந்த ஒருவர், அறுந்த இணைப்பில் தம்பியின் கோபத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் செய்வதையே நாங்களும் முதலில் செய்தோம். ரௌட்டரை அணைத்து, நூறு எண்ணி, மீண்டும் போட்டோம். கணினியையும் அவ்வாறே. சேவை நிறுவனத்தை அழைத்தோம். வந்த இளைஞர் வேகத்தை அளந்து காட்டி, “லைன் சூப்பரா இருக்கு சார்” என்று சொல்லிச் சென்றார். அவர் சொன்னது பொய்யன்று என்பதே இதில் வேடிக்கை. திங்கள் முதல் சனி வரை அந்தக் கணினியில் ஒரு குறையும் கிடையாது.

பிறகுதான் முறையாகத் தேடுவதென்று முடிவு செய்தோம். இதில் எங்களுக்குக் கைகொடுத்தது ‘பிங்’ என்ற சிறு கட்டளை. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவி எழுப்பும் ஓசையை நினைத்து, அமெரிக்கரான மைக் மூஸ் 1983-இல் எழுதிய நிரல் அது. ‘இருக்கிறாயா?’ என்று ஒரு கேள்வியை அனுப்பும். ‘இருக்கிறேன்’ என்ற பதில் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று காட்டும். கணினியின் கருப்புத் திரையில் பிங் என்று தட்டி, வீட்டு ரௌட்டரின் முகவரியைக் கொடுத்தால் (எங்களுடையது 192.168.1.1; பலர் வீட்டிலும் இதுவே) வீட்டுக்குள் இருக்கும் பாதை மட்டும் சோதிக்கப்படும். அது ஒழுங்காகப் பதில் தந்தும் இணையம் இல்லையென்றால் குறை வெளியே. அதுவே பதில் தராவிட்டால் குறை வீட்டுக்குள். யாரை நோவது என்று தீர்மானிக்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவது நியாயம்.

நான்காம் ஞாயிறு, அப்பா பேசிக்கொண்டிருக்கையில் திரையின் ஓரத்தில் பிங்கை ஓடவிட்டோம். 3 மில்லி விநாடி, 4 மில்லி விநாடி என்று பதில்கள் வரிசையாக வந்தன. பேச்சு மாட்டுவண்டிக்குத் திரும்பியது. 300, 900 என்று தாவின எண்கள். பிறகு பதிலே இல்லை. ரௌட்டருக்கும் கணினிக்கும் இடையே, எங்கள் வீட்டுக்குள்ளேயே, இணைப்பு அறுந்திருந்தது. நிறுவனத்தையும் அமெரிக்காவையும் சித்தப்பாவையும் ஒருசேர விடுவித்தோம்.

வீட்டுக்குள் குற்றவாளிகளுக்குப் பஞ்சமில்லை. ரௌட்டர் ரேழியில் இருக்கிறது. அப்பாவின் அறை கூடத்தைத் தாண்டி. நடுவே சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய கனத்த சுவர்கள் இரண்டு, ஒரு இரும்புப் பீரோ. வைஃபை அலைக்குச் சுவர் தடை, இரும்பு பெருந்தடை. பீரோவை நகர்த்தினோம், ரௌட்டரைக் கூடத்துப் பரணுக்கு ஏற்றினோம். அண்டை வீட்டு ரௌட்டர்களையும் சந்தேகித்தோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்தியாவில் 2005 முதல் உரிமமின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுப்பாதை. வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அதில்தான் நெருக்கியடிக்கின்றன. அதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. தெருவில் பலரும் 6-இல் இருக்கக் கண்டு நாங்கள் 11-க்கு மாறினோம். மின்சாரம் மிச்சப்படுத்துவதாகச் சொல்லி வைஃபை கருவியைக் கணினி தானே உறங்கவைக்கும் வழக்கத்தை டிவைஸ் மேனேஜரில் நிறுத்தினோம். டிரைவரையும் புதுப்பித்தோம்.

ஐந்தாம் ஞாயிறும் இணைப்பு அறுந்தது. அப்போது அதே அறையில் எங்கள் கைபேசி தடையின்றி வேலை செய்துகொண்டிருந்தது. கணினித் திரையின் மூலையிலோ வைஃபை பட்டைகள் அத்தனையும் நிறைந்திருந்தன.

அன்று மதியம் அப்பாவிடம் செவிக்கருவியின் ஒலியைக் கூட்டி வைக்கட்டுமா என்று கேட்டோம். அவர் கையால் மறுத்தார். “சத்தம் கேக்கறதுக்குக் குறைவில்லை. பேச்சுதான் கேக்கலை. ஃபேனை நிறுத்துங்கோ, அது போதும்.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பட்டைகள் காட்டுவது அலையின் வலிமையை மட்டுமே. அதன் கூடவே எவ்வளவு இரைச்சல் கலந்திருக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. ரௌட்டர் உரக்கத்தான் பேசுகிறது. கணினியின் காதருகில் வேறெதுவோ இரைகிறது. ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை. விசிறியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் பேச்சு பழைய நாட்களுக்குத் திரும்பியபின் மட்டும், கணினியருகே நிகழ்வது என்ன? யோசிக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் விடை கிடைத்தது. விடை கிடைத்தபின் சிறிது நேரம் இருவருமே பேசவில்லை.

அது நாங்கள்தாம்.

அப்பாவும் சித்தப்பாவும் சொல்லும் பழங்கதைகள் அவர்களோடு போய்விடக் கூடாதென்று அந்த ஐப்பசியில்தான் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கியிருந்தோம். பேச்சு சுவாரஸ்யமான இடத்துக்கு வரும்போது ஓசைப்படாமல் மேசை இழுப்பறையைத் திறந்து, டிஸ்க்கை எடுத்துக் கணினியின் முகப்பில் செருகி, உரையாடலைப் பதிவு செய்யத் தொடங்குவோம். முகப்பில் இருப்பவை நீல நாக்குடைய யுஎஸ்பி 3.0 துளைகள் இரண்டு. ஒன்றில் வைஃபை டாங்கிள். அதற்கு ஒட்டினாற்போல் அடுத்ததில் இந்த டிஸ்க்.

திங்கள் மாலை, அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சோதித்தோம். டிஸ்க் இல்லாமல் பிங்: 3 மில்லி விநாடி. டிஸ்க்கைச் செருகி ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தோம்: பதில் இல்லை. பிடுங்கினோம்: மீண்டும் 3. ஐந்து முறை செய்து பார்த்தோம். ஐந்து முறையும் அதுவே.

இது எங்கள் வீட்டு அதிசயமன்று. 2012-இலேயே இன்டெல் நிறுவனம் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. யுஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலைக் கடத்தும்போது, அதன் இணைப்பியிலிருந்தும் கம்பியிலிருந்தும் கசியும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவிக் கிடக்கிறது. அருகே அதே அலைவரிசையில் செவிகொடுத்துக்கொண்டிருக்கும் டாங்கிளுக்கு, தூரத்து ரௌட்டரின் குரல் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். கைபேசிக்கு ஒன்றும் நேராததற்குக் காரணம், அது சில அடி தள்ளி இருந்ததே. எங்கள் பழைய டாங்கிளுக்கு 2.4-ஐத் தவிர வேறு தெரியாது. 5 கிகாஹெர்ட்ஸ் அறிந்ததாக இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

தீர்வு சில நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி, அதன் முனையில் டாங்கிளைப் பொருத்தி, சன்னல் திண்டில் வைத்தோம். டிஸ்க்கைச் செருகுவதானால் கணினியின் பின்புறத்துக் கறுப்புத் துளையில், அதாவது பழைய யுஎஸ்பி 2.0-இல் செருகுவதென்று வைத்துக்கொண்டோம். அதன்பின் டிஸ்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிங்கின் பதில் மாறவில்லை.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் இருந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டும். பழுது சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ஐந்து வாரங்களாகத் தம்பியின் தலையில் அவர் ஏற்றி வைத்திருந்த பழியை இறக்க அது போதாது. டிஸ்க், டாங்கிள் இரண்டையும் மேசைமேல் வைத்து, எதன் அருகில் எது இருந்தது, யார் எப்போது அதைச் செருகினோம் என்பதை எல்லாம் சொன்னோம். அவருக்குத் தெரியாமல் பதிவு செய்ததையும் சேர்த்தே சொன்னோம்.

அவர் டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“நாங்க பேசறதைப் பிடிச்சு வைக்கப்போய்ப் பேச்சையே நிறுத்தியிருக்கேள்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, “அப்போ அவன் வைக்கலை” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு டிஸ்க் இழுப்பறையிலேயே இருந்தது. பின்புறத் துளையில் செருகினால் தொல்லையில்லை என்று அறிந்தும் எங்களுக்கு மனம் வரவில்லை. அப்பா மாட்டுவண்டிக்குப் போனார், வண்டியிலிருந்து ஆற்றோரத்து நிலத்துக்குப் போனார். நாங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிட்டோம். ஆயினும் செவிக்கருவி அணிந்தவர்களின் உரையாடல் வீடு முழுவதும் கேட்பது.

“அந்த நிலத்தை உனக்குத் தள்ளிவிட்டுட்டு வீட்டை நான் எடுத்துண்டேன்னு உனக்கு ஒரு எண்ணம் இருந்ததோ?”

எதிர்முனையில் ஓசையில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி. நாங்கள் இருவரும் தாழ்வாரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ரௌட்டரின் பச்சை விளக்கு ஒழுங்காகத்தான் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“என்னடா, கட்டாயிடுத்தா?” என்றார் அப்பா.

“இல்லைண்ணா” என்றது சித்தப்பாவின் குரல், தெளிவாக. “இங்கேதான் இருக்கேன்.”